செவ்வாயும் கரிசலும்

சாத்தூர் வட்டாரத்துச் சிறுவர்க்கு வானை அண்ணாந்து நோக்கும் வழக்கம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. மேற்கே சிவகாசி, அதனைச் சூழ்ந்து பட்டாசுத் தொழிற்சாலைகள். தீபாவளி நெருங்குங்காலத்தில் அங்கே செய்யப்பெற்ற வாணங்கள் சீறி எழுந்து, பொரிந்து, பூவாய் உதிர்ந்து அவிகின்றன. அவை அவிந்த பின்னரும் அவியாத செம்புள்ளி ஒன்று சில ஆண்டுகளில் அவ்விருளிலே நின்று ஒளிர்வதுண்டு. அதுவே செவ்வாய். வாணம் ஏறும் உயரம் சில நூறு அடியே. செவ்வாயோ நம்மை மிக அணுகி வருங்காலத்தும் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிக் கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. ஆயினும், புகையைக் கீழே தள்ளித் தான் மேலே செல்லும் வாணத்தை உந்தும் விதியே, அக்கோளுக்குக் கலங்களைச் செலுத்தும் விதியும் ஆகும்.

அக்கோளில் யாரேனும் வாழ்கின்றனரோ என்னும் ஐயம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞரையும் ஆட்டிவைத்தது. 1877-ஆம் ஆண்டில் இத்தாலிய வானூலார் ஸ்கியாபரெல்லி என்பவர் செவ்வாயின் மேற்பரப்பிற் கோடுகள் பல கண்டதாகப் படம் வரைந்தார். அமெரிக்கரான லோவெல் என்பார் அவற்றை வெட்டப்பட்ட கால்வாய்கள் என்றே நம்பினார். கால்வாய் உண்டெனில் வெட்டியவரும் இருந்திருத்தல் வேண்டுமன்றோ? இந்த நம்பிக்கையிலிருந்து கதைகள் பல பிறந்தன. அவற்றுள் ஒன்று நம் ஊரோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது.

ரே பிராட்பரி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1950-ஆம் ஆண்டில், செவ்வாயிற் குடியேறும் மனிதரைப் பற்றிய கதைக்கோவை ஒன்றை வெளியிட்டார். 1999 முதல் 2026 வரையில் நிகழ்வதாக அவர் அதனைக் கற்பனை செய்தார். முதலிற் சென்ற சிலரைச் செவ்வாயின் பழங்குடி மக்கள் கொன்றுவிடுகின்றனர். ஆயினும் பின்வந்தோர் காணும்போது அம்மக்களின் நகரங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. சென்றவர் உடலோடு சென்ற சின்னம்மை, அதனை அறியாத அவ்வினத்தாரை ஏறக்குறைய முழுவதும் மாய்த்துவிட்டது. நமக்கு வேப்பிலையோடும் சில நாட் பத்தியத்தோடும் பெரும்பாலும் நீங்கும் நோய் அது! பிறகு குடியேற்றம் பெருகுகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் இருந்த பழம்பெயர்கள் மறைய, வந்தவர் தம் பெயர்களை இடுகின்றனர். இறுதியில், பூவுலகிலே போர் மூண்டு எல்லாம் அழிய, தப்பிவந்த ஒரு குடும்பம் கால்வாய்க் கரையில் நிற்கிறது. செவ்வாய் மக்களைக் காட்டுவதாகத் தந்தை வாக்களித்திருந்தார். பிள்ளைகள் அவர்கள் எங்கே என்று கேட்கின்றனர். தந்தை நீரைச் சுட்டுகிறார். நீரில் தெரிவன அவர்கள் முகங்களே.

கற்பனையின் ஆண்டுக்கணக்குப் பலிக்கவில்லை; மனிதன் காலடி இன்னும் செவ்வாயிற் படவில்லை. ஆனால், வந்தேறிய ஒருவன் எப்பொழுது அந்நிலத்தின் மகன் ஆகிறான், அவனுக்கு முன் அங்கிருந்தவர் என்ன ஆயினர் என்னும் வினாக்கள் கற்பனை அல்ல. சாத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்திலேயே இவ்வினாக்களை எழுப்பலாம். ஓரளவு விடையும் காணலாம்.

கரிசல் என்பது கரிய மண். மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாது. கோடையிற் பாளம் பாளமாக வெடித்துவிடும். மண் விரிவதும் சுருங்குவதுமாக இருத்தலின் அதில் வீடு கட்டுவோர் அடித்தளத்திற்காகப் படும் பாடு பெரிது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையிற் பெய்த மழையின் ஈரத்தை நெடுநாள் தன்னுள் வைத்துக் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஈரத்தை நம்பியே பருத்தியும் கம்பும் சோளமும் விளைகின்றன. ஆற்றுநீரும் ஏரிநீரும் கொண்டு நெல் விளைத்துப் பழகிய கண்ணுக்கு இம்மண் பயனற்றதாகத் தோன்றும். இதன் அருமையை அறிய, இத்தகைய மண்ணிலே முன்பு உழுது பழகிய கை வேண்டும்.

அக்கை வடக்கிலிருந்து வந்தது. விசயநகரப் பேரரசின் செல்வாக்கு 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை வரையிற் பரவியது முதல், தெலுங்கு பேசும் மக்கள் சிறிது சிறிதாகத் தெற்கே வரலாயினர். 1529-ஆம் ஆண்டளவில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியைத் தொடங்கியபின் அவ்வரவு பெருகிற்று. நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டதென்பது மரபு. படையோடு வந்தோர் சிலர். பஞ்சத்திற்கும் போருக்கும் அஞ்சி வந்தோர் பலர். கம்மவார், ரெட்டியார், கம்பளத்தார் முதலிய பல குடியினரும் அவர்களுள் இருந்தனர். எட்டயபுரத்துப் பாளையக்காரர் தம் முன்னோர் சந்திரகிரிப் பகுதியிலிருந்து வந்தவர் என்றே கூறிவந்தனர். இவர்களுட் பலர் தக்காணத்தின் கருமண்ணை நன்கு அறிந்தவர்கள். மண்ணூலார் இம்மண்ணுக்கு வழங்கும் ‘ரெகர்’ என்னும் பெயரும் தெலுங்குச் சொல்லினின்று பிறந்ததே. திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பகுதியில் மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசற் பகுதியில் நாயக்கர் பாளையங்களும் மிகுந்திருந்தமையை வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டுகின்றனர். வந்தவர், மண்ணின் நிறம் பார்த்தே அமர்ந்தனர் போலும்!

இக்குடியேற்றத்தைக் கதையாக்கியவர் கி. ராஜநாராயணன். கோவிற்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலை வெளியிட்டார். சென்னாதேவி என்னும் பெண்ணின் பொருட்டு ஊரையும் உடைமையையும் விட்டுத் தெற்கு நோக்கி ஓடிவரும் தெலுங்குக் குடும்பங்கள், காட்டுக்குத் தீயிட்டு நிலந்திருத்தி ஊர் அமைத்த வரலாற்றை மங்கத்தாயார் என்னும் முதுமகள் சொல்ல, கும்பினியார் ஆட்சி வேரூன்றும் காலம் வரையில் அக்கதை விரிகிறது. வழிநடையின் துன்பமும், முதற்கொழு மண்ணிற் பாயும் மகிழ்ச்சியும், கள்வருக்கு அஞ்சிய இரவுகளும் அதிலே உயிரோடு நிற்கின்றன. பிராட்பரியின் கதையைப் படித்தபின் இதனைப் படிப்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றும்: இரண்டும் ஒரே வகையான கதை. ஒன்று கலத்தில் ஏறி வந்தவர் கதை. மற்றொன்று கால்நடையாக வந்தவர் கதை.

ஆயினும் ஓர் ஐயம் எழாமல் இராது. தீயிட்ட காடு யாருடையது?

சாத்தூர் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘சாத்து’ என்பது வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அச்சொல்லோடு ஊர்ப்பெயரைப் பொருத்திக் காண்பார் உளர். மதுரையினின்று திருநெல்வேலி செல்லும் வழியில், வைப்பாற்றங்கரையில், இவ்வூர் அமைந்திருத்தல் அக்கருத்துக்கு இயைபாகவே உள்ளது. அருச்சுனா ஆறும் வைப்பாறும் சூழ்ந்த இருக்கன்குடியின் பெயரும் தமிழ்ப்பெயரே. உப்பத்தூர், மேட்டமலை, படந்தால், ஏழாயிரம்பண்ணை என்று அண்மையிலுள்ள ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். பிறகு வேங்கடாசலபுரம் என்றும், நாயக்கன்பட்டி, ரெட்டியபட்டி என்று முடியும் பெயர்களையும் சொல்லிப் பாருங்கள். ஒரே நிலத்தின்மேல் இரண்டு அடுக்காகப் பெயர்கள் படிந்திருத்தல் விளங்கும்.

பெயரைவிட உறுதியான சான்றும் கிடைத்துள்ளது. சாத்தூருக்கு மேற்கே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையிலுள்ள மேட்டைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டில் அகழத் தொடங்கிற்று. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், சிறுவர் ஆடிய வட்டுகள், நுண்கற்கருவிகள் எனப் பலவும் அங்கே வெளிப்பட்டன. சங்கு கடலிற் கிடைப்பது. வெம்பக்கோட்டையோ கடலினின்று நெடுந்தொலைவு. சங்கைக் கொணர்ந்து, அறுத்து, வளையலாக்கிய மக்கள் அங்கே வாழ்ந்தனர். அவ்வளையலை அணிந்த பெண்டிரும், வட்டு வைத்து விளையாடிய பிள்ளைகளும் வாழ்ந்தனர். விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இவையெல்லாம் நிகழ்ந்தன.

ஆகவே, ஆற்றங்கரையில் ஊர்கள் இருந்தன. அவற்றிற்கு அப்பாற் கிடந்த கருமண் காடே வந்தவர் கைப்பட்டது எனலாம். அக்காடும் யார்க்கும் பயன்படாமற் கிடந்ததாக எண்ணுதல் பொருந்தாது. உடைமரமும் கருவேலமும் நிற்கும் நிலம் உழுபவன் கண்ணுக்கு வெறுங்காடு. ஆடு மேய்ப்பவனுக்கு அது மேய்ச்சல். விறகு பொறுக்குபவளுக்கு அடுப்பு. இவர்கள் அதற்குச் சாசனம் எழுதி வைத்துக்கொள்வதில்லை. காடு எரிந்த கதையை எரித்தவர் வழியினர் நினைவில் வைத்துச் சொன்னார்கள். நமக்குக் கிட்டியிருப்பது அதுவே. எதிர்ப்பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு மங்கத்தாயார் வாய்க்கவில்லை.

வந்தவருள்ளும் வேறுபாடு இருந்தது. கரிசல் ஊர்களில் வாழும் அருந்ததியருட் பலர் தெலுங்கே பேசுபவர். ஆழக் கிணற்றினின்று கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், அக்கமலைக்குரிய தோற்பையைத் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தத் தோல் இல்லையேல் தோட்டப்பயிர் இல்லை. ஆயினும் நிலம் அவர்கள் பெயருக்கு வந்ததில்லை. ஊர்க்குள் அவர்களுக்கு வீடும் இல்லை. கோவிற்பட்டிப் பக்கத்தவரான பூமணி 1979-இல் வெளியிட்ட ‘பிறகு’ என்னும் நாவலில், செருப்புத் தைக்கும் அழகிரி என்பவனின் வாழ்க்கையைக் காணலாம். கோபல்ல கிராமத்தைப் படித்தவர் அந்நூலையும் உடன்வைத்துப் படித்தல் நன்று. இரண்டும் ஒரே கரிசலைப் பற்றியவை என்பதை முதலில் நம்புவது கடினம்.

இனி, வந்தவரும் இருந்தவரும் எவ்வாறு கலந்தனர் என்பதைக் காண்போம். பிராட்பரி தம் கதையை வெறும் கனவினின்று எடுக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்திற்கு ஐரோப்பியர் சென்றபோது அவர்களுடன் சென்ற பெரியம்மை, அந்நாட்டுப் பழங்குடிகளைப் பெருந்தொகையாக மாய்த்தது. அவருக்கு முன்னரே, ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1898-இல் செவ்வாய் மக்கள் பூவுலகின்மேற் படையெடுத்துவரும் கதையை எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, டாஸ்மேனியத் தீவின் மக்களுக்கு ஐரோப்பியர் செய்ததை நினைவூட்டி, அதனைச் செய்த நாம் செவ்வாயாரை நோகலாமா என்னும் கருத்தை வைத்தார். அத்தீவில் ஆங்கிலேயர் 1803-இல் குடியேறினர். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் அம்மக்கள் கொலையாலும் நோயாலும் நாடு கடத்தலாலும் மிகச் சிலராயினர். 1876-இல் துருகானினி என்னும் பெண் இறந்தவுடன் அவ்வினமே அற்றதென்று எழுதிவிட்டனர். அதுவும் பிழையாயிற்று. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். தாங்கள் அழிந்துவிடவில்லை என்பதை மற்றவர்க்கு மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் அவர்களுக்கு நேர்ந்தது.

கரிசலில் அவ்வாறு நிகழவில்லை. அதற்கு வந்தவரின் பெருந்தன்மையே காரணம் என்று கூறமாட்டேன். பாளையக்காரர் காவல் என்னும் பெயரால் ஊர்களிடம் வரி தண்டினர். ஒருவரோடொருவர் பொருது பயிரை அழித்ததும் உண்டு. ஆயினும் சில காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. இங்கே வந்தவர்க்கு இருந்த நோய் இருந்தவர்க்கும் பழகிய நோயே. ஏரும் எருதும் இருபாலார்க்கும் பொது. அம்மன் வழிபாடும் பொது. கம்பளத்தார் சக்கம்மாவைக் கொண்டுவந்தனர், இருக்கன்குடி மாரியம்மனுக்கு எல்லாரும் பொங்கலிட்டனர். எல்லாவற்றினும் முதன்மையானது, வந்தவர்க்குத் திரும்பிப் போக ஊர் இல்லை என்பதே. விளைந்ததைக் கப்பலேற்றி வேறொரு நாட்டுக்கு அனுப்ப வேண்டிய கடமையும் இல்லை. இங்கேயே உண்டு இங்கேயே மடிய வேண்டியவன், அண்டை வீட்டானோடு என்றேனும் ஒரு நாள் பேசித்தான் ஆக வேண்டும்.

அவ்வாறே பேசினர். வீட்டிலே தெலுங்கு, வெளியிலே தமிழ் என்னும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. வீட்டுத் தெலுங்கிலே தமிழும், கரிசல் தமிழிலே தெலுங்கும் ஏறின. கம்பளத்தாரின் தேவராட்டம், தேவதுந்துபி முழங்க ஆடப்பெறுவது, இன்று தமிழ்நாட்டு ஆடற்கலை என்றே பள்ளி விழாக்களில் ஆடப்படுகிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கி. ராஜநாராயணனே கரிசல் வட்டாரத் தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்னும் நாவலுக்காக 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றார். அவர் 2021-இல் மறைந்தபோது கரிசலின் தந்தை மறைந்தார் என்றே தமிழர் வருந்தினர். அவருடைய முன்னோர் வடக்கிலிருந்து வந்தவர் என்பதை அப்போது யாரும் குறையாக எண்ணவில்லை.

இக்கலப்பு எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதைக் காட்டியது மற்றொரு வந்தேறியின் வருகை. ஆங்கிலக் கும்பினியார் பாளையங்களிடம் கப்பம் கேட்டபொழுது எதிர்த்து நின்ற வீரபாண்டிய கட்டபொம்மன், தெலுங்கு பேசிய கம்பளத்தார் குடியிற் பிறந்தவர். 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டனர். மீண்டும் எழுந்த போரின் முடிவில், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். ஊரின் பெயரையே கணக்கேடுகளினின்று நீக்கினர் என்பர். பிராட்பரியின் கதையில் மலைகளின் பெயர்கள் மறைந்ததை இங்கே நினைவு கூரலாம். ஆனால் இந்நிலத்து மக்கள் அப்பெயரைக் கும்மியிலும் கதைப்பாட்டிலும் காத்துவைத்தனர். வந்தவர் வழித்தோன்றல் ஒருவரை, மண்ணின் மானம் காத்தவர் என்று தமிழ்நாடு இன்றும் பாடுகிறது. நீரிலே தன் முகத்தைக் கண்ட அக்குடும்பத்தின் கதை இங்கே நடந்தேறிவிட்டது. ஆனால் அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இடையே ஒரு சொல். கரிசலில் இன்று எங்கும் காணப்படும் சீமைக்கருவேலமும் ஒரு வந்தேறியே. அமெரிக்கக் கண்டத்துக்குரிய அம்முள்மரத்தை விறகுக்கும் வேலிக்குமாக இங்கே பரப்பினர். வேலிக்காத்தான் என்று செல்லமாகப் பெயரும் வைத்தனர். வேலியைக் காக்க வந்தது வயலைப் பிடித்துக்கொண்டது. கண்மாய்களில் அடர்ந்து, உடைமரத்தின் இடத்தையும் கவர்ந்தது. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் மிகப் பல. அதனை வேரோடு களைய வேண்டுமென்று ஒருவர் வாதாடுகிறார். அவர் வீட்டு அடுப்பில் எரிவதும் அதுவே.

செவ்வாய்க்குத் திரும்புவோம். 1965-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மாரினர்-4 என்னும் அமெரிக்கக் கலம் அதனை அணுகிச் சென்று படம் அனுப்பியது. கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை. வடுக்களாகப் பள்ளங்களே தெரிந்தன. நம் நாட்டின் மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் நாள் புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் செவ்வாயின் சுற்றுவழியை அடைந்தது. முதல் முயற்சியிலேயே பெற்ற வெற்றி அது. இனி ஒரு நாள் மனிதரும் செல்லக் கூடும். செல்லும் இடம் வெற்றிடமா என்பதே வினா. கண்ணுக்குத் தெரியும் மக்கள் அங்கில்லை. மண்ணுக்கு அடியில் நுண்ணுயிர்கள் உண்டா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

இவ்வகையில் முன்னோர் அறியாத ஓர் எச்சரிக்கை இப்பொழுது எழுத்திலேயே உள்ளது. 1967-இல் கையெழுத்தான விண்வெளி உடன்படிக்கை, எந்த நாடும் விண்பொருள் எதனையும் தனக்கே உரியதென்று உரிமை கொண்டாடலாகாது என்கிறது. பிற கோள்களைத் தீங்கு நேருமாறு மாசுபடுத்தாமல் காத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. அதனாலேயே செவ்வாயில் இறங்கும் கருவிகளிலிருந்து பூவுலகின் நுண்ணுயிர்களை இயன்றவரை நீக்கி அனுப்புகின்றனர். 1976-இல் இறங்கிய வைக்கிங் கலங்களை அடுப்பிலிடுவதுபோல் வெப்பமூட்டித் தூய்மை செய்தே அனுப்பினர். சின்னம்மை சென்ற கதையை மெய்யாகவே அஞ்சுவார் உளர் என்பதற்கு இது சான்று. ஆனால் இயந்திரத்தைச் சூடேற்றலாம். மனிதனைச் சூடேற்ற முடியுமோ? அவன் குடலிலும் தோலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவன் காலடி வைக்கும் நாளில் அவையும் உடன் இறங்கும். இதற்கு விடை இன்னும் காணப்படவில்லை.

2021-ஆம் ஆண்டிற் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்சு என்னும் ஊர்தி, பண்டு ஓர் ஆறு வந்து ஏரியிற் கலந்த முகத்துவாரத்தைத் தேர்ந்துகொண்டு, வறண்ட வண்டற் பாறைகளைத் துளைத்து, துண்டுகளைச் சிறு குழல்களில் அடைத்துவருகிறது. ஆறு வற்றினாலும் வண்டல் செய்தியைக் காக்கும் என்பது அதன் நம்பிக்கை. அடுத்த ஆண்டே வெம்பக்கோட்டையில் அகழ்வோர் மண்வெட்டியுடன் இறங்கியதும் ஓர் ஆற்றங்கரைதான். அங்கே கிடைத்தது சங்கு வளையல்.